விரலுக்கு அடியில் முந்தைய பக்கம்

அன்பு மகள் பவித்ராவுக்கு, சிங்கப்பூர் பொங்கோல் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், ஹெல்சிங்கிக் குளிரில் நீயும் உன் மூக்கும் நலமாக இருக்கவேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பூக்கடைகளுக்கு நீ செய்கிற போன் ஆப்பை நம் கடையில் சோதித்துப் பார்த்தேன், சூப்பர் என்று மூன்று மாதமாகச் சொன்னேனே, நான் அமுக்கியதெல்லாம் நீ அனுப்பிய அதன் போட்டோவைத்தான். ஒன்றும் நடக்கவில்லை, உன் மனசு நோகுமே என்று சொல்லவில்லை. மாலை கட்டுகிற சேதுபதி அண்ணன்தான், என்னம்மா இது வெறும் படம்லா என்று சிரித்துவிட்டு நிஜ ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்.

ஆப் செய்யுற கருவியே புதுசா வந்திருக்கும்மா, எழுத்து தானா பெருசாகும், பக்கம் விரலோட வரும், நான் இங்க மாத்தினா அங்க மாறும் என்று நீ சொன்னபோது புரியாமலேதான் உம் கொட்டினேன். இப்போது கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன், எழுத்து பெரிதானாலும் வரி உடையவில்லை. பக்கத்தை ஓரத்திலிருந்து மெல்ல இழுத்தால் முந்தைய பக்கம் அடியில் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிகிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. ரயிலில் அதையே இழுத்தும் விட்டும் பார்த்துக்கொண்டு கடை இருக்கிற தேக்காவில் இறங்க மறந்து கடைசி ஸ்டேஷன் ஹார்பர்ஃபிரண்ட் வரை போய்விட்டேன். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு, உனக்கு அங்கே காலை ஒன்பது, ஒரு பொத்தான் நீலத்திலிருந்து பச்சையாகும், சரி, பிள்ளை காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். அத்தனை தூரத்திலிருந்து நீ என் உள்ளங்கையைத் தொடுகிற மாதிரி இருக்கும், பூத்தொடுக்கிற கை நின்றுபோகும்.

வெள்ளிக்கிழமை உன் மேலதிகாரிகளுக்கு இதைக் காட்டுகிறாய், பிடித்துவிட்டால் சிங்கப்பூர் ஆபீசுக்கே மாற்றிவிடுவார்கள் என்றாயே, அதனால் இந்தத் தடவை ஒழுங்காகச் சோதித்தேன். ஒரு ஜோடி கல்யாண மாலை ஆர்டர் செய்தேன். பெண் பெயர் கேட்டது, உன் பெயரைப் போட்டேன். மாப்பிள்ளை பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது, உன்னை மாதிரியே. உன்னோடு வேலை செய்கிற அசோக், வாய்க்கு வாய் நீ சொல்வாயே, அந்தப் பெயர்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. நினைத்தது நடந்து சீக்கிரம் வீடு வந்து சேர், கண்ணு.

உன் அம்மா,
பாக்கியலட்சுமி

பி.கு. ஆர்டர் கடைக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்று உன் மேலதிகாரிகளிடம் தைரியமாகச் சொல்லலாம். சோதனை என்று சேதுபதி அண்ணனிடம் நான் சொல்லவில்லை. மாலை இரண்டையும் கட்டி, பெயர் அட்டையோடு கடை வாசலில் தொங்கவிட்டுவிட்டார். பக்கத்துக் கடை அப்துல் முத்தலிப் பாய் கல்யாண வாழ்த்துச் சொல்லி இரண்டு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தார். மாலைகள் நம் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. பால் வைக்க இடமில்லை.