சைக்கிள் சீட்டுக் கம்பி

அப்பா,

ஆறு மணி நேரம் வெயில் பட்டால் படகு விளக்கின் பேட்டரி நிரம்பிவிடும். சோலார் பேனலைப் பொருத்திவிட்டேன். படகு கரையில் கிடக்கும்போது காலையில் கிழக்கே, மதியத்துக்கு மேல் மேற்கே சாய்த்து வையுங்கள். கடலுக்குப் போகுமுன் படுக்கவைத்து நட்டை முறுக்குங்கள். உப்புக்காற்றில் துரு பிடிக்கும், கிரீஸ் தடவுங்கள்.

பேனலைத் தாங்குவது என் சைக்கிளின் சீட்டுக் கம்பி. உப்பளம் வழியாகப் பள்ளிக்கூடம் போன நாளில், "கால் தரையில இடிக்குது பாரு, ஏத்தி வைக்கிறேன் இரு" என்று வருஷா வருஷம் நீங்கள் உயர்த்தினீர்களே, அதே கம்பி.

குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி ராசம்மாள் அத்தையிடம் இருக்கிறது.

பி.கு: "சைக்கிள் இல்லாம டியூஷன் எடுக்க எப்படிம்மா போவ?" என்று கேட்பீர்கள். நேற்று மெட்ராஸில் ஒரு வேலை என்றதுமே தட்டை விட்டு எழுந்துவிட்டீர்கள். மீதியைச் சொல்ல முடியவில்லை.

அந்த வேலைக்கு வருவதாகப் போன வாரமே எழுதிப் போட்டுவிட்டேன். காலை பஸ்ஸில் போகிறேன், அப்பா.