பத்து விரலும் பூச்சில்லாமல்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போன வருஷமும் இதையேதான் எழுதினேன், அப்போது அது பாதி உண்மை, இப்போது முழு உண்மை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவின் நகங்கள் மஞ்சளானதும் பேக்கரி முதலாளி அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில் பெட்டி மடிக்க விட்டது உனக்குத் தெரியும். பூஞ்சை என்று பதினோரு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். நகத்துக்கு ஒரு டாக்டர், கால் வீக்கத்துக்கு ஒருவர், இருமலுக்கு இன்னொருவர், ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்லவில்லை. நகத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர் சிரிப்பார் என்பாள், நானும் சரி என்றுதான் விட்டேன். வெளியே கிளம்பினால் பத்து விரலுக்கும் அடர் சிவப்புப் பூச்சு. ஜனவரியில் மூச்சு வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்க வந்த நர்ஸ் பெண் பூச்சைத் துடைக்க வேண்டும் என்றாள். அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒரே ஒரு விரல் குடுங்கம்மா, மிச்ச ஒன்பதையும் நான் பாக்கவே மாட்டேன்" என்று கெஞ்சித் துடைத்தவள், நகத்தைப் பார்த்ததும் வாக்குத் தவறி மிச்ச ஒன்பதையும் கேட்டாள், துடைத்து முடித்த கையோடு போய் நுரையீரல் டாக்டரை அழைத்து வந்துவிட்டாள்.

அவர் நகத்தைப் பார்த்துவிட்டுக் காலுறையைக் கழற்றச் சொல்லி வீக்கத்தைப் பார்த்தார், இருமலையும் விசாரித்தார். மூன்றும் ஒரே நோயாம், மஞ்சள் நக நோய் என்று பேராம், மிக அபூர்வமாம். உடம்பில் நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்கள் சரியாக வடிக்காததால் காலிலும் நெஞ்சிலும் நீர் தங்குகிறது, நகமும் வளராமல் தடித்து மஞ்சளாகிறது என்றார், ஏன் வருகிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. நெஞ்சிலிருந்து ஊசி வழியாக ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். பிறகு இறுக்கமான காலுறை, இருமலுக்கு மருந்து, வைட்டமின் ஈ, வீங்கிய கால்களைத் தினமும் மெதுவாக நீவிவிடுவது, அது என் வேலை. எட்டு மாதமாகிறது. நெஞ்சில் நீர் திரும்பவில்லை, மாடிப்படி இருபத்திரண்டையும் நிற்காமல் ஏறுகிறாள். கட்டைவிரல் இரண்டிலும் அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புது நகம் வருகிறது, மற்ற எட்டும் மஞ்சள்தான், சில நகம் அப்படியே நின்றுவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்.

அந்த எட்டோடுதான் போன திங்கட்கிழமை பூச்சில்லாமல் கடைக்குப் போனாள். டாக்டர் கடிதத்தை முதலாளி முன் வைத்து, இரண்டு கையையும் கவுன்டர் கண்ணாடி மேல் விரித்து, "நல்லாப் பாத்துக்குங்க. இது பூஞ்சை இல்ல, யாருக்கும் ஒட்டாது. நாளையிலேருந்து நான் முன்னாடிதான் நிப்பேன்" என்றாளாம். வாங்க வருபவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் இழுத்திருக்கிறார். "என்னையே கேக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். இதுவரை நாலு பேர் கேட்டார்களாம், நாலு பேரும் ரொட்டி வாங்கிக்கொண்டுதான் போனார்கள், அதில் ஒருவர் தன் அக்காவுக்கும் இதே நகம் என்று நோயின் பேரைச் சீட்டில் எழுதி வாங்கிப் போனாராம்.

உடம்புக்கு எது வந்தாலும் எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சொல், சம்பந்தமில்லை என்று தோன்றுவதையும் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும், குழந்தைக்கு எங்கள் முத்தம். மறக்காதே, இனி காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை அம்மாவுக்குப் போன் செய்யாதே. கவுன்டரில் ஆள் நிற்பார்கள், எடுக்கமாட்டாள்.

உன் அப்பா