ஆறாவது மாடியில் பூட்டிய கடிதம்

செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டாம் தேதி, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய வேலையை உன் கையெழுத்தே மிச்சப்படுத்திவிட்டது. காய்ச்சல் வந்தால் உன் எழுத்து இடது பக்கம் படுத்துக்கொள்ளும், இந்த முறை எல்லாம் நிமிர்ந்துதான் நிற்கின்றன, ஆனால் சொல்லுக்குச் சொல் இடைவெளி கூடியிருக்கிறது. அப்படியென்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் ஏதோ. அந்த ஏதோ என்னவென்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எட்டாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா. அந்த வருடம் முழுக்க உனக்குக் கணக்கு வாத்தியார் நான்தான், நீ ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. ஒரு நாள் பள்ளி விட்டு நடந்து வரும்போது, "அப்பா, நான் கை தூக்கினா உங்களுக்குத் தெரியலையா, இல்ல தெரிஞ்சும் கேக்க மாட்டேங்கிறீங்களா?" என்றாய். எனக்குத்தான் எதற்கும் ஓர் உதாரணம் கையில் இருக்குமே, "கண்டக்டர் பொண்ணா இருந்தாலும் பஸ்ல டிக்கெட் எடுத்துத்தான் ஆகணும்" என்றேன். அதற்கு நீ, "டிக்கெட் எடுத்தவங்கள உக்கார விடுவாங்கல்ல?" என்றாய். மறுநாள் ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், என் மகளுக்கு எவ்வளவு வாய் பாருங்கள் என்று பெருமை வேறு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நீ என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அதை நான் கவனித்தது போன வாரம்தான். பதினோரு வருடம் கழித்து.

அதற்கு வருமுன் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் தினம் முப்பது முறை காலை நீட்டி மடக்கச் சொல்லியிருக்கிறாள், அம்மா டிவி பார்த்துக்கொண்டே எண்ணுவதால் பன்னிரண்டுக்கு அடுத்தது இருபது வந்துவிடுகிறது. கணக்கு வாத்தியார் வீட்டிலேயே இப்படி. தம்பி அச்சகத்தில் நிரந்தரம் ஆகிவிட்டான், காகிதம் வெட்டும் இயந்திரத்தைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால் பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர் வயலின் கற்க ஆரம்பித்திருக்கிறார், "அவர் கத்துக்கிறாரோ இல்லையோ, நான் பொறுமை கத்துக்கிட்டேன்" என்கிறாள் அம்மா. சபைப் பாடகர் குழுவில் உன் இடத்துக்கு வங்கிக் குமாஸ்தாவின் மகள் வந்திருக்கிறாள், நல்ல பிள்ளை, ஆனால் எல்லோரும் பாடி முடித்த பிறகும் கொஞ்சம் பாடுவாள். நீ விட்டுப்போன இடத்தில் யார் நின்றாலும் எனக்குப் பிடிப்பதில்லை. நீ போய் நின்ற இடத்தில் இருப்பவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நகரத்தில் ஊழியம் செய்யப் பயிற்சிக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது சந்தோஷமாகத்தான் ஜெபித்து அனுப்பினேன். அங்கே முதல் நான்கு மாதம் யாரும் கேட்காமல் வாயைத் திறந்து பிரசங்கம் செய்யக் கூடாது, வாரம் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து எழுத வேண்டும் என்பது விதி என்று எழுதினாயே, அப்போது, இது என்ன பயிற்சி, முப்பத்து நாலு வருடம் நான் பேசிப் பிழைத்தேன், என் மகளுக்கு வாயை மூடக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று அம்மாவிடம் பொருமினேன். பிறகு நீ அந்தச் சந்திப்புக் குறிப்பேட்டை எனக்கு அனுப்பி, எழுத்தைத் திருத்தித் தாருங்கள் அப்பா என்றதும் குளிர்ந்துபோனேன். உன் பயிற்சியாளர் 'கடிகாரக்கா' ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தாலும் ஏற்க மாட்டார் என்பதால் வந்த அன்றே திருத்தித் திருப்பி அனுப்பினேன். முதல் வாரக் குறிப்பில்தான் அந்த ஆறாவது மாடிப் பூட்டுக்காரர் வந்தார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை, ஏழு மாதமாகக் கீழே இறங்காத மனிதர். கதவைத் திறந்ததும் உன்னிடம், "என்னம்மா இது, திருட வந்தவ மாதிரி தட்டற? வீட்டுக்காரி மாதிரி தட்டு" என்றார் என்று எழுதியிருந்தாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன், பத்துக்கு எட்டு போட்டேன். அடுத்த வாரமும் அவர்தான். "நாப்பது வருஷத்துல ஆயிரம் கதவு தொறந்திருக்கேன், ஒரு வீட்லயும் உள்ள வந்து உக்காருன்னு சொன்னதில்ல" என்று அவர் சொன்னதை எழுதியிருந்தாய். நான் 'ஆயிரம்' என்பதைச் சுழித்து, 'மிகைப்படுத்தல்' என்று எழுதினேன். இன்று காலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்று பூட்டு, வருடத்துக்கு முந்நூறு நாள், நாற்பது வருடம், முப்பத்தாறாயிரம் கதவு வருகிறது. மனிதர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். மிகைப்படுத்தியது என் பேனா.

மூன்றாவது வாரம், நான்காவது வாரம், எல்லாம் அவரே. நீ சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறாய் என்று அவர் கண்டுபிடித்தாராம். இருபத்து நான்கு வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான், எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 'அவர் சொன்னார்', 'அவர் சிரித்தார்'. எனக்கு நீ எழுதும் கடிதத்தில் 'சாப்பிட்டேன், தூங்கினேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்'. ஐந்தாவது வாரக் குறிப்பு வந்தபோது நான் மத்தியானச் சாப்பாட்டை முடிக்கவில்லை. நீ அங்கே போன முதல் வாரமே இரண்டாவது மாடியில் ஓர் ஆள் உன் முகத்துக்கு நேராகக் கத்திக் கதவைச் சாத்தியதும், நீ படிக்கட்டில் உட்கார்ந்து அழுததும், 'என்னால் இது முடியாது அப்பா, நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்' என்று எனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததும் அதில் இருந்தது. அதை நீ சொன்னது அவரிடம். அவர் உடனே, "அந்தக் கடுதாசிய இப்படிக் குடு, நான் பூட்டி வெக்கிறேன். வேணும்னா எப்ப வேணா சாவி கேளு, ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லித் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாராம். பாப்பா, என் பெயருக்கு என் மகள் எழுதிய கடிதம், முன்பின் தெரியாத ஒருவருடைய பெட்டிக்குள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய். பக்கத்து வீட்டில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த எரிச்சலோடுதான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அதே பக்கத்தின் கடைசியில், பதினெட்டாம் தேதி அவருக்குக் கால் விரல் இரண்டை எடுக்க வேண்டும், இப்போது விரலோடு போகும், தள்ளிப்போட்டால் காலே போகும் என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார், நீ வெளியே உட்கார்ந்திருந்தால் போவேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, நன்றாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான், 'ஒரே வீட்டில் ஐந்து செவ்வாய் போதுமானது. இந்தச் சந்திப்பை நிறுத்திவிட்டு மற்றக் கதவுகளைத் தட்டவும். மருத்துவமனைக்கு உறவினர் உடன் செல்வதே முறை' என்று எழுதிப் பத்துக்கு நான்கு போட்டேன். ஒரு செடிக்கே எல்லாத் தண்ணீரையும் ஊற்றினால் தோட்டம் என்னவாகும் என்று ஓர் உதாரணம் வேறு. அவருக்கு உறவென்று இருப்பது கடல் கடந்து போன ஓர் அக்கா மகன்தான் என்று முதல் வாரமே நீ எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு நான் கமா போட்டிருக்கிறேன்.

நீ என் பேச்சைக் கேட்டாய். அதுதான் இப்போது என்னைச் சுடுகிறது. போன செவ்வாய் ஆறாவது மாடி ஏறாமல் நான்காவது மாடியோடு நின்றுவிட்டாய், குறிப்பேட்டில் அதை ஒழுங்காக எழுதி, கீழே காவலாளி சொன்னதையும் ஒரு வரி சேர்த்திருந்தாய். "மூணு மணிலேருந்து ஆறாவது மாடி ஐயா கதவத் தொறந்து வெச்சு உக்காந்திருந்தாரு, பூட்டுக்காரன் வீடே தொறந்து கெடக்குதுன்னு பசங்க கேலி பண்ணிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரிக்கும் போகலன்னு சொல்லிட்டாரு." அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நான் போட்ட மதிப்பெண்ணையும் சொன்னேன். அம்மா காலை மடக்குவதை நிறுத்திவிட்டு, "அந்த மனுஷனுக்கு வெரல் போகப்போகுது, உங்களுக்கு மார்க் போடணுமாக்கும். அறுபத்து மூணு வயசுல பூட்டுக்காரர் மேல பொறாமை, வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்றாள். பொறாமை என்ற வார்த்தையை அவள்தான் முதலில் சொன்னாள். நான் இரண்டு நாள் அதைத் 'தகப்பனுடைய அக்கறை' என்று சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை.

பிறகு நகலெடுத்து வைத்திருந்த ஐந்து வாரத்தையும் பேனா இல்லாமல் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் உன்னை ஒவ்வொரு முறையும் 'வாத்தியார் பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார். நீ என்னைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறாய். பஸ் டிக்கெட் கதையையும் சொல்லியிருக்கிறாய். அதற்கு அவர், "உங்கப்பா கோவக்காரர் இல்லம்மா, பயந்தவரு. சொந்தப் பிள்ள பக்கம் திரும்புனா மத்த பிள்ளைங்களுக்கு முகம் காட்டிக் குடுத்துடும்னு பயந்திருக்காரு" என்றாராம். நான் அந்த இடத்தில் ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கித் திருத்திவிட்டுப் போயிருக்கிறேன். அவர் சொன்னது உண்மை. நீ சரியான விடை சொன்னால் என் முகம் மலர்ந்துவிடும், நாற்பது பிள்ளைகள் பார்ப்பார்கள், அதனால் உன் பக்கமே திரும்பவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருடம், ஆறாவது மாடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மணி நேரம். இதற்கும் எனக்குப் பொறாமைதான் வருகிறது, மறைக்கவில்லை.

இதை ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் இல்லத்தில் கொடுப்பது அரை மணி நேரம், அதில் அம்மாவுக்கு இருபது, தம்பியின் இயந்திரத்துக்கு ஏழு, எனக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன். தபாலை நம்பாமல் இதை மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவர் வேன் வியாழக்கிழமை புறப்படுகிறது, வெள்ளிக்கிழமை காலை உன் கையில் இருக்கும். கடிகாரக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், அந்த நான்கு மதிப்பெண் திருத்தியவனுடையது, எழுதியவளுடையது அல்ல என்று. பதினெட்டாம் தேதிக்கு உனக்கு அவர் விடுப்பு தருவார், தராவிட்டால் அவருக்கும் ஓர் உதாரணம் எழுதுவேன் என்று சொல்.

பூட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்காதே. என் அப்பா போக வேண்டாம் என்றார், இப்போது போகச் சொல்கிறார் என்று உள்ளதைச் சொல், அவருக்குப் புரியும், என்னை எனக்கு முன்பே புரிந்துகொண்டவர். பெட்டியில் இருக்கும் கடிதத்தை எனக்காகத் திரும்பக் கேட்காதே, அது அங்கேயே இருக்கட்டும், சாவியும் அவரிடமே இருக்கட்டும். என் பெயருக்கு எழுதியது என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என்றைக்காவது உனக்கே அது வேண்டியிருந்தால் வாங்கி அனுப்பு, சிவப்புப் பேனாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் படிக்கிறேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய், மாடியேறும் உன் கால் சத்தத்தை அவர் கேட்பார், நான் கேட்க மாட்டேன். ஆனாலும் அவர் கேட்கட்டும்.

ஆஸ்பத்திரியில் உட்கார நேர்ந்தால் ஸ்வெட்டர் எடுத்துப் போ, ஏசி அதிகமாக இருக்கும், வேளைக்குச் சாப்பிடு, அம்மா கொடுத்த மாத்திரையை விடாதே. அம்மாவின் முத்தங்கள், தம்பியின் அன்பு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ தட்டும் கதவுகளையும், திறந்து வைத்துக் காத்திருக்கும் கதவுகளையும் ஆசீர்வதிப்பாராக. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், அடுத்த செவ்வாய் வரை பார்க்காமல், அன்றைக்கே ஆறு மாடியும் ஏறி, வீட்டுக்காரி மாதிரி கதவைத் தட்டு.

தூக்கிய உன் கையைப் பார்க்கும்
அப்பா