உன் பெயர் போட்ட பாட்டு

இன்று காலை பாடியிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். மேம்பாலத்துக்குக் கீழே லாரிகளுக்கு நடுவில் வண்டி மாட்டிக்கொண்டது. டிரைவர் சும்மா இருக்க முடியாமல் பாட்டைப் போட்டார். இரண்டாவது சரணம் முடிந்ததும் நீ பாட ஆரம்பித்தாய். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் உன்னோடு சேர்ந்து பாடினார்கள். உன் பெயர் வரும் இடத்தில் ஒருத்தி கையைத் தூக்கி விரலைச் சொடுக்கினாள். நீ செத்து ஒன்றரை வருஷமாகிறது.

"அண்ணாத்தே, பாட்டை மாத்தேன்" என்றேன்.

"ஊரே இத்தத்தான் கேட்டுகினு கீது. உனுக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றார் டிரைவர். காசைக் கொடுத்துவிட்டு இறங்கி, வெயிலில் மீதி தூரத்தை நடந்தேன்.

இந்த மடலில் உன் பெயரை எழுதப் போவதில்லை. அதுதான் தெருத்தெருவாக அடிபடுகிறதே, நான் வேறு எழுத வேண்டுமா? உன் வீட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தானே, அந்தப் பாப் பாடகன், அவன் ஆல்பம் வந்துவிட்டது. பத்துப் பாட்டு. முதல் ஐந்தில் அவன் சாகிறான், அடுத்த ஐந்தில் மறுபடி பிறக்கிறான். ஐடி வேலையை இவன் விட்டானாம், இவனை ஒரு பெண் விட்டாளாம், அதில் உள்ளுக்குள் செத்தே போனானாம். பேட்டியில் கண் கலங்கச் சொன்னான். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடென்றால் பிணமாகவும் இருந்தே ஆகவேண்டும் என்கிற ஜாதி. அந்த ஐந்தாவது பாட்டில், அவன் சாகிற பாட்டில், நடுவே வருகிறது உன் குரல். உன் பெயரைச் சொல்லி உனக்கே நீ பாடுகிற இழவுப் பாட்டு.

அவன் நமக்குப் பழக்கமானதே ஒரு சாவு வீட்டில்தான். பகலெல்லாம் இருவரும் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் மெஷின் ஓட்டிவிட்டு, யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் நீ கானா பாடப் போவாய், நான் டோலக்கோடு பின்னால் வருவேன். நம் தெருவிலிருந்த வாட்ச்மேன் செத்தபோது, அவர் காவல் காத்த அடுக்குமாடியிலிருந்து மாலையோடு வந்தவன் அவன் ஒருவன்தான். நீ பாடப் பாட, சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகை நிஜம். எனக்கு அவன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதை மறைக்க மாட்டேன்.

அழுது முடித்ததும் என்னிடம் வந்து உன் நம்பரைக் கேட்டான். கொடுத்தவன் நான். பாம்பைப் பிடித்து மடியில் கட்டினது வேறு யாருமில்லை.

பிரியாணிப் பொட்டலமும் கையளவு ரெக்கார்டருமாக உன் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, அண்ணா" என்று உன் காலடியில் உட்கார்ந்தான். உனக்கு அதில் ஏகப்பட்ட பூரிப்பு. உன் மனைவி மூன்று வாரமும் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அப்போது நீ அவனிடம் சொன்னதை அட்சரம் பிசகாமல் இங்கே எழுதுகிறேன். நான் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன்.

"இதோ பாரு நைனா, நடுவுல ஒரு பேரு வரும். சாவு ஊட்ல செத்தவன் பேரைப் போடுவேன். ஊட்ல பாடிப் பாக்கசொல்ல உயிரோட கீற எவன் பேரையும் போடக் கூடாது. அது அவன சாவுன்னு கூப்புடற மாரி. செத்தவனையும் சும்மா சும்மா எழுப்பக் கூடாது. அதான் என் பேரையே போட்டுக்கறேன்."

"உங்களுக்கு பயமா இல்லையாண்ணா?"

"எமனாண்டதான டெய்லி டூட்டி பாக்கறேன். என்னைப் பாத்தா, தோ நம்ம ஆளுன்னு சிரிச்சுகினே பூடுவான்."

எல்லோரும் சிரித்தோம். கடைசி ஞாயிறு அவன், "இதை என் ஆல்பத்துல பாடிக்கட்டுமாண்ணா?" என்று கேட்டான். நீ யோசிக்கக்கூட இல்லை. "பாடிக்கோ நைனா. பாட்டு இன்னா எங்கப்பன் ஊட்டு சொத்தா? என் பேரை மட்டும் அழிச்சுடு" என்றாய். "கண்டிப்பாண்ணா" என்று தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து அவன் அம்மா போன் செய்தார்கள். அவன் ஸ்பீக்கரில் போட, பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லி, "சாப்பிட்டியாப்பா?" என்றார்கள். மேடைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருக்கிறானே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "இந்தப் பேரு சோக்கா கீதே, இத்த ஏன் வுட்ட?" என்று நீ அவனை ஓட்டினாய். அவன் முகம் சிவந்துபோனது.

அதற்கப்புறம் இரண்டு மாதம்கூட நீ இல்லை. முதல் ஷிப்டில், மெஷினுக்கு எதிரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. ஊரிலுள்ள சாவுக்கெல்லாம் பாடிய உனக்கு யாரும் பாடவில்லை. நான் பாடத்தான் நின்றேன். பெயர் போடுகிற இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. இன்னொரு தரம் ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றுவிட்டது. டோலக்கைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் தூக்கத் தோள் கொடுத்தேன். அவனுக்கும் தகவல் சொன்னேன். ஷூட்டிங்கில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு கறுப்பு இதயத்தைப் போனில் அனுப்பினான்.

அந்த ஆல்பத்தை உன் மனைவிதான் முதலில் கேட்டாள். காய்கறிக் கடையில் நின்றிருக்கிறாள். கடைக்காரப் பையனின் போனிலிருந்து உன் குரல் வந்திருக்கிறது. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு, நீ வந்துவிட்டாயென்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். அடுத்த வரியில் நீ உன் பெயரைச் சொல்லி, செத்துப்போனாய் என்று பாடியிருக்கிறாய். அன்றையிலிருந்து அவள் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. பஸ்ஸில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகிறாள்.

"அவரு செத்தது ஒரு தபாதாண்ணா" என்றாள் என்னிடம். "இவனுங்க தெனிக்கும் சாவடிக்கறானுங்க. நிறுத்தச் சொல்லுண்ணா. வேற ஒண்ணியும் வோணாம்."

போன் செய்தேன். நாலாவது தரம்தான் எடுத்தான்.

"அந்தப் பேரை எடுத்துடறேன்னு சொன்னியே தம்பி?"

"புதுசா பாடிப் பாத்தேன்ணா. செட் ஆகல. அண்ணன் பாடின அந்த டேக்லதான் உயிர் இருக்கு."

உயிர் இருக்காம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நேராகவே சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை கொதித்திருக்காது. அதோடு விட்டானா? பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலேஜ் விழாவில் அந்த ஆல்பத்தை முழுசாக மேடையில் பாடப்போகிறானாம். அண்ணனுக்கு மரியாதை செய்கிற மாதிரி நான் வந்து டோலக் வாசிக்க வேண்டுமாம். அண்ணன் பகுதியை நானே பாடினால் இன்னும் நன்றாக இருக்குமாம். சரி என்றேன். போனை வைக்கும்போதே என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மைதானம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் அவன் அம்மா, நூல் புடவையும் மடியில் கைப்பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது பாட்டு வந்தது. அவன் பாடி நிறுத்தி என் பக்கம் கை காட்டினான். நான் எழுந்து மைக்குக்கு முன்னால் போனேன். நீ பாடுகிற அதே இழுவையில் ஆரம்பித்து, பெயர் போடுகிற இடத்தில் அவன் பெயரைப் போட்டேன். மேடைப் பெயரை அல்ல, பெற்றவள் வைத்ததை. முகத்துக்கு நேராகப் பார்த்து மூன்று தரம் பாடினேன். உன் சாவில் அடைத்த தொண்டை அன்று கணீரென்று திறந்துகொண்டது. சந்தோஷமாக இருந்தது மச்சான். இத்தனை நாளில் அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

ஒரு நொடி விழித்தான். அவ்வளவுதான். அப்புறம் சிரித்தான். கையிரண்டையும் விரித்து, மேடையில் மல்லாந்து, பிணமாகவே படுத்துவிட்டான். ஆயிரம் போன்கள் மேலே எழுந்தன. ஆறாவது பாட்டின் அடி விழுந்ததும் துள்ளி எழுந்தான். மறுபிறப்பாம்! மைதானமே அலறியது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, வேற லெவல்ணா! எல்லா ஷோலயும் இதைப் பண்ணலாம்!" என்றான். நான் வீசின கல்லை எடுத்து அவன் மாலையில் கோத்துக்கொண்டான்.

மேடைக்குப் பின்னால் டோலக்குக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அம்மா வந்து நின்றார்கள்.

"ஏன் தம்பி, என் பிள்ளை பேரைச் சொல்லி அப்படிப் பாடுனீங்க? எங்க ஊர்லயும் இழவுக்குப் பாடுவாங்க. எனக்குத் தெரியும். அது விளையாட்டுப் பாட்டு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். நீ பெயரை அழிக்கச் சொன்னது, அவன் தலையாட்டினது, உன் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவது. கடைசிவரை கேட்டார்கள். பிறகு, "இதுக்கு மாத்து ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்றார்கள்.

இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியும். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு சாவுக்குப் போனோமே, குடித்திருந்த மச்சினன் ஒருவன் உன்னிடம் பெயரை மாற்றிச் சொல்லித் தொலைத்து, செத்தவருக்குப் பதில் உயிரோடிருந்த தம்பியின் பெயரை நீ பாடிவிட்டாயே. அந்த ஆள் வெளிறிப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. உன் பெயரைப் போட்டு, அதே பாட்டை மூன்று தரம் திருப்பிப் பாடினாய். "இப்ப அது எங்கிட்ட வந்துடுச்சு, நீ நாஸ்தா துண்ணுட்டுத் தூங்கு" என்று அவர் தோளைத் தட்டினாய். உனக்கு முன்பின் தெரியாத மனுஷன் அவர்.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "கீதும்மா. யாராச்சும் தன் பேரைப் போட்டு மூணு தபா திருப்பிப் பாடணும். ஆனா நான் பாட மாட்டேன். உங்க புள்ள மொதல்ல அந்தக் குரலை எடுக்கட்டும்."

இரண்டு வாரம் கழித்து, அந்த அம்மா பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு, மண்ணூர்பேட்டைக்கே வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. அழுதும் பாத்துட்டேன். அம்மா, உனக்குக் கலை புரியாதுங்கறான். அவன் பைக்கை எடுத்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "நீங்க பாட வேண்டாம். அந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே என் பேரைப் போட்டுப் பாடிக்கிறேன்."

"இது பொம்பளைங்க பாடற பாட்டு இல்லம்மா" என்றேன். சுத்தப் பொய். நம் தெருப் பெண்களுக்கு இதில் பாதி மனப்பாடம். அந்த அம்மா டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

நீயாக இருந்தால் அவர்கள் படியேறும்போதே பாடி முடித்திருப்பாய். எனக்குத் தெரியும். உன்னோடு பதினாறு வருஷம் வாசித்தேன், தாளம் படிந்தது, உன் மனசு படியவில்லை. அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை மச்சான். நூறு வருஷம் இருக்கட்டும். காய்கறிக் கடையில் உன் மனைவிக்கு வந்த நடுக்கம் அவன் வீட்டுக்குள்ளும் ஒரு நாளாவது போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். போய்விட்டது. ஆனால் ஆள் மாறிப் போய்விட்டது. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். அதற்காக என் கோபம் ஆறியதா என்றால், இல்லை. உன் குரலை அவன் எடுக்கிற வரைக்கும் ஆறப்போவதுமில்லை.

என் வீட்டுக்கு வந்த அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன், டீ கொடுத்தேன், பஸ்ஸுக்கு வழி சொன்னேன். பெயர் என்னவென்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பெயரைப் போட்டுப் பாடியிருப்பேன்.