கிள்ளான் பெரியம்மாவுக்கு முதுகுவலி

9 மார்ச் 2025, ஞாயிறு

இன்று கிள்ளான் பெரியம்மாவுக்கு முதுகுவலி. போன வாரம் சர்க்கரை ஏறியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பாவம், ஞாயிறு வந்தால் போதும், அவருக்கு ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது.

வரவழைப்பவளே நான்தானே! எனக்குப் பெரியம்மாவே கிடையாது. அம்மா அவர் வீட்டில் ஒரே பெண்.

எல்லாம் ஜீவனின் அம்மாவால் வந்தது. ரமணி ஆன்டி ஞாயிறுதோறும் செராஸ் வீட்டில் திருமுறை வகுப்பு நடத்துகிறார். வருங்கால மருமகள் முதல் வரிசையில் உட்கார வேண்டுமாம். வாரம் ஆறு நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்கையெல்லாம் பார்த்துப் பார்த்து ஃப்ரேம் மாட்டுகிறேன். ஏழாவது நாள் எனக்கு நண்டு வேண்டும். ஆன்டி வீட்டில் முட்டைக்கே அனுமதி இல்லை.

அதனால் பெரியம்மாவுக்கு நோய், எனக்குக் கிள்ளான் பண்டமாரானில் நண்டுக் கடை. கல்லாவில் இருக்கும் ஆன்டி சமையல்காரரிடம் சீனத்தில் கத்துவார், என்னிடம் தமிழில் பேசுவார். தமிழ் தெரிந்த சீன ஆன்டியா, சீனம் பழகிய தமிழ் ஆன்டியா? கேட்டதில்லை. கேட்க வேண்டிய வாயில் எப்போதும் நண்டு இருந்தது. "சாப்புடு பிள்ள, ஒல்லியா இருக்க" என்று ஒரு நண்டுக்கால் கூடவே வைப்பார். ஒரு வருடமாக அப்படித்தான்.

அம்மாவையும் கூப்பிட்டேன். "கிள்ளான்ல ஒரே ஜாம்லா" என்றார். எப்போதும் இதே பதில். தீபாவளிச் சாமான் வாங்கக்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை.

16 மார்ச், ஞாயிறு

ஜீவன் கூப்பிட்டான். ஆன்டி தேதிக்குச் சம்மதித்துவிட்டாராம்! ஆவணியில் கல்யாணம். அக்டோபரில் அவனுக்கு மீரிக்கு மாற்றல், அதற்குள் முடித்துவிட வேண்டும். மண்டபமும் பிடித்தாயிற்று. எங்கள் சாலாக் செலாத்தான் வீட்டுப் படிக்கட்டில் இரண்டு மாடி குதித்துக்கொண்டே ஏறினேன்.

"பெரியம்மாவ இவ்ளோ பொறுப்பா பாத்துக்கிற பொண்ணு எங்க கெடைக்கும்?" என்றாராம் ஆன்டி. அதனால், அடுத்த ஞாயிறு அவரே பெரியம்மாவைப் பார்க்க வருகிறார். ஆரஞ்சும், கலக்கிக் குடிக்க மைலோ டின்னும் வாங்கியாயிற்று.

"அப்பவே சொன்னேன்ல," என்கிறான் ஜீவன். "கிள்ளான் வேணாம், கடல் தாண்டி சண்டக்கான்ல வைனு."

19 மார்ச், புதன்

ஆன்டி, பெரியம்மா வீட்டு முகவரி கேட்கிறார். போனில் வேஸ் மேப்பில் போட்டு வழி பார்க்கவாம்.

21 மார்ச், வெள்ளி

கொன்றுவிட்டேன்.

வேறு வழி இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார், வலி தெரியவில்லை. அந்த அளவுக்காவது எனக்கு மனசாட்சி உண்டு. "நேத்தே எரிச்சாச்சு ஆன்டி" என்றும் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் மாலையோடு வந்து நிற்பார். ஆன்டி போனிலேயே தேம்பி அழுதார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரு வருடம் கூடவே இருந்தவர் அல்லவா.

22 மார்ச், சனி

ஐயோ, ஐயோ, மடச்சி! நானே என் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்!

ஆன்டி இன்று காலை சொன்னது: "பெத்த தாய்க்குச் சமம்மா பெரியம்மா. ஒரு வருஷம் நல்ல காரியம் எதுவும் கூடாது. மண்டபத்த கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன்."

ஒரு வருடம்! அக்டோபரில் அவன் மீரியில், நான் இங்கே. நடுவில் கடல். யாருக்காக? இல்லாத ஒருத்திக்காக! பிறக்காதவள் செத்ததற்கு எனக்குத் தீட்டு!

"உயிர் வந்துருச்சுனு சொல்லலாமா?" என்று ஜீவன் கேட்டான்.

"எரிச்சாச்சுடா!"

25 மார்ச், செவ்வாய்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா தலைக்குக் குளித்து, ஈர முடியோடு ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாமி விளக்கு ஏற்றவில்லை. ரமணி ஆன்டி துக்கம் விசாரிக்க அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். இதை நான் ஏன் யோசிக்கவே இல்லை?

திட்டப் போகிறார் என்று நின்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா போயிட்டாளாமே. நீயாச்சும் பாத்துக்கிட்டியே. என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எந்த அக்கா?"

அப்போதுதான் சொன்னார். மலரக்கா. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் ஒரு சீனரைக் கட்டிக்கொண்டு போனவர். "எங்கப்பா அன்னிக்கே எல்லாரையும் தலை முழுக வெச்சாரு. அவ பேர எடுக்கக் கூடாதுனு சத்தியம் வாங்குனாரு. உயிரோட இருக்கிறப்ப ஒரு தடவ முழுகுனேன், இன்னிக்கு ரெண்டாவது தடவ."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வகுப்பு, நண்டு, பொய், சாவு. அம்மா ஈரத் துண்டை எடுத்து என் முதுகில் நான்கு சாத்து சாத்தினார். ஐந்தாவதுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அப்ப… அக்கா இருக்காளா?"

"தெரியலமா."

"பண்டமாரான்ல சாப்பாட்டுக் கட வெச்சிருக்கானு யாரோ சொன்னாங்க, எப்பவோ."

சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். அந்த மூக்கு.

வாரம் ஆறு நாள் மூக்குப் பார்க்கிறவ நான்! ஒரு வருஷமா அந்தக் கல்லாவுல எதிர்ல நின்ன மூக்கு, எனக்குத் தெரியல!

30 மார்ச், ஞாயிறு

நாளை ஹரி ராயா நோன்புப் பெருநாள். சாலையெல்லாம் காலி. அம்மாவின் ஜாம் சாக்கு இன்று செல்லவில்லை.

அம்மா கடைக்குள் வரவில்லை, கால்வாய் ஓரமாகவே நின்றார். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"லோகு?"

அம்மாவை லோகேஸ்வரி என்று கூப்பிடத்தான் இப்போது ஆள் உண்டு. லோகு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"நீ செத்துட்டேனு சொன்னாங்கக்கா," என்றார் அம்மா. முப்பத்து நான்கு வருடம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை!

"எவ சொன்னா?"

அம்மா என்னைக் கை காட்டினார். பெரியம்மா, ஆமாம் என் பெரியம்மா, என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவளா! மொத நாளே தெரியும்டி லோகு, அப்படியே உன் மூக்கு. கேட்டா வராமப் போயிருவாளோனு கேக்கல. நண்டுக்கால் போட்டுப் போட்டு வர வெச்சேன்."

அப்புறம் மூன்று பேரும் அழுதோம். நான் நண்டு மிளகாய் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துவிட்டதால் எல்லோரையும்விட அதிகமாக அழுதது நான்தான்.

6 ஏப்ரல், ஞாயிறு

செராஸ் போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஆன்டியிடம் முழுதும் சொன்னேன். ஜீவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் அழுதேனே," என்றார் ஆன்டி. "நெஜமாவே அழுதேனேம்மா."

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எழுந்து அறைக்குப் போனவர் கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"யாரும் சாகல?"

"சாகல ஆன்டி."

"அப்ப தீட்டு இல்ல. ஆவணியிலயே வெச்சிக்கலாம். ஆனா இனி ஒரு ஞாயிறு தப்பக் கூடாது. காலைல பத்து மணி, மொத வரிசை."

தலையாட்டினேன். ஜீவன் மண்டபத்தைக் கேன்சல் செய்யவே இல்லையாம், கள்ளன்.

27 ஏப்ரல், ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் வந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கப் போய்ப் பெரியம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை.

ஆன்டிக்கு நான்தான் சொல்ல வேண்டும். மூன்று முறை நம்பரைத் தட்டி மூன்று முறை வைத்தேன். நான்காவது முறை சொல்லியே விட்டேன்.

"ஆன்டி, இன்னிக்கு வகுப்புக்கு வர முடியாது. கிள்ளான் பெரியம்மாவுக்கு… முதுகுவலி."

திட்டு வரும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"முகவரிய அனுப்பு," என்றார்.

பதினொரு மணிக்கு ஆன்டி வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நண்டுத் தொட்டிகளைப் பார்க்காமல், கடைக்குள் நடந்து மாடி ஏறினார். படுத்திருந்த பெரியம்மா உண்மையான பெரியம்மாதானா என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். என் மூக்கையும் அம்மாவின் மூக்கையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து மைலோ டின்னை எடுத்துக் கட்டிலின் பக்கத்தில் வைத்தார்.

"போன மாசமே வாங்குனது," என்றார். "நீங்க செத்துட்டதா சொன்னாங்க, அதான் குடுக்க முடியல."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் முதுகு இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.