வெல்வெட் புழுவுக்கு முடிச்சு இல்லை

புதன் இரவு.

தூக்கம் வரவில்லை. மார்க்கையன்கோட்டையிலிருந்து வரும் மாணவி செல்வியின் விலங்கியல் விடையைத் தப்பென்று சிவப்பு மையால் அடித்திருந்தேன். குட்டைக் கால்களோடு ஊரும் வெல்வெட் புழு, மண்புழுவுக்கும் பூரானுக்கும் நடுவே ஒரு பாலம் என்றுதான் பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் நடத்துகிறேன். அவள் இல்லை என்று எழுதியிருந்தாள்.

இன்று காலை தாளோடு வந்தாள். "மேடம், பூரானுக்குக் கணுவுக்குக் கணு நரம்பு முடிச்சு இருக்கு. வெல்வெட் புழுவுக்கு ரெண்டு நரம்பு வடம் ஓடுது, அதுல அப்படி முடிச்சு இல்ல. மண்புழு வேற கிளை மேடம். இது பூரானுக்குத்தான் பங்காளி."

மதியம் புதிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். அவள் எழுதியதுதான் சரி. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"புத்தகத்துல உள்ளதுக்குத்தாம்மா மார்க்கு. ஒருத்திக்குத் திருத்துனா எல்லாரும் வந்து நிப்பாக" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே செல்வி காத்திருந்தாள். "பாக்குறேம்மா" என்றேன்.

"மார்க்குக்காகக் கேக்கல மேடம். நான் எழுதுனது தப்பா, அத மட்டும் சொல்லுங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன். தேனி பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.