வராத தலைவலி

ஜனவரி 9

என் செல்லக் குட்டிக்கு,

அக்கா எழுதுவது. சுகம்தானே? நீ கடிதம் போட்டு இரண்டு மாதமாகிறது. வெளிநாட்டில் நர்ஸ் வேலையில் யார் யாரையோ விசாரிக்கிறாய், கூடப் பிறந்தவளை விசாரிக்கத்தான் நேரமில்லை.

ஒரு நல்ல சேதி. நாற்பது வருடமாக என்னைப் பிடித்து ஆட்டிய ஒற்றைத் தலைவலி எட்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. வயதானால் சிலருக்குத் தானாக விட்டுவிடுமாம். "சனியன் ஒழிஞ்சுது, இனிமே என்னை டீ போடச் சொல்ல உனக்குச் சாக்கு இல்ல" என்கிறார் உன் அத்தான்.

ஒன்றுதான் புரியவில்லை. உனக்குத் தெரியுமே, முதலில் கண்ணோரத்தில் ரம்பப் பல் போல வெளிச்சம் ஓடும். பிறகு வார்த்தை தடுமாறும். உடனே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். மண்டை பிளக்கும். தூங்கி எழுந்தால் வார்த்தையெல்லாம் திரும்பிவிடும். இப்போது வெளிச்சமும் இல்லை, வலியும் இல்லை, வார்த்தை மட்டும் போகிறது. நேற்று நம் தையல் கடையில் இஞ்சு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் தெரியாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து, ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு தலைவலிக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

திட்டு வாங்கிக்கொண்டேன், தப்பு என்னுடையதுதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு நல்ல டாக்டரைப் பார். அதுவரை ஊரார் துணியை வெட்டாதே. கை சும்மா இருக்காதென்றால் எனக்கு ஒரு கோட்டு தைத்து அனுப்பு, இங்கே குளிர் கொல்கிறது. லீவு கேட்டேன், ஆள் இல்லை என்கிறார்கள். இங்கிருந்துகொண்டு நான் வேறென்ன செய்வேன்?

உன் குட்டி

மார்ச் 2

குட்டிம்மா,

டாக்டரைப் பார்த்தோம். ஞாபகத்தைச் சோதிக்க ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு காலர் வரைகிறவள் நான். எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் போய் நின்றுகொண்டன. உன் அத்தான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷத் தலைவலிதான் மூளையத் தின்னுடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தலைவலி உள்ளவங்க எத்தனையோ பேர் வயசாகியும் தெளிவா இருக்காங்க. அது வேற, இந்த மறதி நோய் வேற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம் என்றிருந்தால் அதையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

உன் கோட்டை வெட்டிவிட்டேன். கைக்குத் துணியை எதிரெதிராகப் போட்டு வெட்ட வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? நீ முதன்முதலில் வெட்டிய சட்டைக்கு இரண்டுமே இடது கை! வயிறு வலிக்கச் சிரித்தோமே. அளவுச் சட்டை எதுவும் தேடவில்லை. உன் அளவு எனக்கு மறக்குமா?

அக்கா

ஏப்ரல் 11

என் அக்காவுக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் போட்டுப் பார்த்தேன். தோள், நீளம், கழுத்து எல்லாம் அச்சாக என் அளவு. பார்க்காமலே எப்படி அக்கா? இங்கே எல்லோரும் யார் தைத்தது என்று கேட்கிறார்கள். என் அக்கா என்றேன்.

உன் குட்டி

(உடன் வைத்த சீட்டு)

அத்தான்,

இதை அக்காவிடம் காட்ட வேண்டாம். கோட்டுக்கு இரண்டும் இடது கை. அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்தத் தலைவலி ஒரு தடவை வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், பாவி நான். கத்தரிக்கோலை அவள் கையிலிருந்து வாங்கி எங்காவது வைத்துவிடுங்கள். எனக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.